இஞ்சினுக்கு ஒரு ஸலாம்

ரிவர்ஸ்டன் கணவாயில் நின்ற காரைக் காற்று ஆட்டிக்கொண்டிருந்தது. மூடுபனி கோபுரத்தை விழுங்கிவிட்டு, பாதைவரை இறங்குவதும் திரும்பிப் போவதுமாக இருந்தது. மருமகன் வலது காலின் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, மேஸோடு பாதத்தை பிரேக்கின்மேல் வைத்து, முழங்காலை உள்ளே மடக்கி, குதிக்காலை எக்ஸிலேட்டர் பக்கம் முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எட்டுதே இல்ல மாமா. நீங்க எப்பிடிச் செய்தீங்க?”

நான் இயற்கை பார்க்க அழைத்துவரப்படவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. ரிவர்ஸ்டன் பார்க்கப் போகிறோம் என்று அவன் தன் உம்மாவிடம், அதாவது என் தங்கையிடம், சொல்லியிருந்தான். என்னிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தான். உண்மையில் அடுத்த பருவத்தில் சுற்றுப்பாதைப் போட்டியொன்றில் இறங்கத் தீர்மானித்திருக்கிறான். அதற்கு இந்தக் கால்வித்தை வேண்டும். வித்தையைப் பழக வளைவுகள் வேண்டும். வளைவுகளுக்கு மாத்தளை மாவட்டத்தில் இதைவிட வேறு பாதை ஏது? எங்கள் குடும்பத்தில் கார்ப் போட்டி என்றால் நான்தான். ஒரே ஒரு முறை நுவரெலியாவில், மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியில் ஓடி, என் பிரிவில் கடைசிக்கு முந்திய இடத்தைப் பிடித்தவன். 1934இல் தொடங்கிய அந்தப் போட்டியின் வரலாற்றில் என் பெயரை யாரும் தேடப்போவதில்லை. குடும்பத்துக்கு அது போதுமாக இருந்தது.

அவன் கேட்ட வித்தைக்கு ஆங்கிலத்தில் ‘ஹீல் அன்ட் டோ’ என்று பெயர், குதிக்காலும் விரலும். பெயரில் குதிக்கால் இருக்கிறதே தவிர, பெடல்கள் நெருக்கமாக உள்ள இன்றைய கார்களில் பலரும் பாதத்தின் முன்பகுதியை மட்டுமே பயன்படுத்துகிறார்கள். விஷயம் இதுதான். வேகமாக வந்து வளைவுக்கு முன்னால் பிரேக் பிடிக்கிறோம். வளைவைவிட்டு வெளியேறும்போது இழுவை வேண்டும் என்பதால், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு இறங்கவேண்டும். கியர் இறங்கினால் அதே வேகத்துக்கு இஞ்சின் கூடுதலாகச் சுழல வேண்டும். மூன்றின் விகிதம் 1.4, இரண்டின் விகிதம் 2.1 என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுழன்ற இஞ்சின் இரண்டில் 4500 சுற்றுச் சுழன்றாக வேண்டும். ஆனால் கிளச்சை மிதித்ததும் அது 3000த்திலிருந்தும் கீழே விழத் தொடங்கிவிடும். அந்த இடைவெளியை யாராவது நிரப்பவேண்டும். ஓட்டுபவன் நிரப்பாவிட்டால், கிளச்சை விடும்போது சில்லுகள் நிரப்பும். ஓடிக்கொண்டிருக்கிற சில்லுகளே இஞ்சினைப் பிடித்திழுத்துச் சுழற்றவேண்டி வரும். அது இன்னொரு பிரேக். நாம் பிடிக்காத பிரேக், அளவு தெரியாத பிரேக்.

டயரின் பிடிமானம் மாதச் சம்பளம் போன்றது. பிரேக்குக்குக் கொடுத்தது போக மிச்சம்தான் திரும்புவதற்கு. இருந்ததை எல்லாம் பிரேக்கிலேயே செலவழித்தவனுக்கு எதிர்பாராத செலவு ஒன்றும் வந்து சேர்ந்தால், டயர் யாரிடம் போய்க் கடன் கேட்கும்? வழுக்கிவிடும்.

ஆகவே பாதத்தின் இடப்பாதியால் பிரேக்கை ஒரே அழுத்தத்தில் பிடித்தபடி, வலது விளிம்பைச் சாய்த்து எக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டவேண்டும். இஞ்சின் ஒரு முறை உறுமி 4500ஐத் தொடும்போது கிளச்சை விட்டுவிட வேண்டும். கார் எதையும் உணராது. அயர்டன் சென்னா ஜப்பானின் சுசுகா பாதையில் ஹொண்டா என்எஸ்எக்ஸ் ஒன்றை ஓட்டிக்காட்டும் படமொன்று இருக்கிறது. வெள்ளை மேஸும் சாதாரண லோஃபர் சப்பாத்துமாக அந்தக் கால்கள் பெடல்களின்மேல் வேலை செய்வதைக் கெமரா காட்டும். மருமகன் அதை எத்தனை தடவை பார்த்திருப்பானோ, சென்னாவின் முகத்தைவிடக் கால்தான் அவனுக்குப் பரிச்சயம்.

வித்தை எனக்குத் தெரியும். சொல்லிக்கொடுக்கத்தான் வாய் வரவில்லை. நாங்கள் நின்ற இடத்திலிருந்து ரத்தோட்டைப் பக்கமாக இறங்கினால் வரும் ஒரு வளைவு அதற்குக் காரணம்.

எங்கள் வாப்பா லொறிக்காரர். ரத்தோட்டை, மாத்தளை, கொழும்புப் புறக்கோட்டை என்று ஏலமும் மிளகும் கராம்பும் ஏற்றி ஓடியவர். பெட்போர்ட் லொறி. நான் சிறுவனாக அதன் முன்தட்டில் ஏறிய காலத்தில் கியர்ப் பெட்டியின் சிங்குரோமெஷ் தேய்ந்து போயிருந்தது. இந்தச் சிங்குரோமெஷ் 1928இல் கெடிலக் கார்களில் முதலில் வந்தது. கியர் விழுமுன் பெட்டிக்குள்ளே சுழலும் பாகங்களை அதுவே உரசிச் சமப்படுத்திவிடும். அது வருமுன்னர் உலகில் கியர் மாற்றியவர்கள் எல்லோரும் காதாலும் காலாலும்தான் அதைச் செய்தார்கள். வாப்பாவும் அப்படித்தான். கிளச்சை மிதித்துக் கியரை நியூட்ரலுக்கு எடுப்பார். கிளச்சை விடுவார். எக்ஸிலேட்டரில் ஒரு தட்டு. மறுபடி கிளச்சை மிதித்துக் கீழ்க் கியரைத் தள்ளுவார். டபுள் கிளச். வெறுங்காலால்தான் ஓட்டுவார்; செருப்பு ஸீட்டுக்குக் கீழே கிடக்கும். அத்தனை பாரத்தோடும் கியர் விழும் சத்தம் கேட்காது.

ஏன் அந்த ஒரு தட்டு என்று நான் கேட்டிருக்கிறேன். “இஞ்சினுக்கு ஸலாம் சொல்லிட்டுத்தான் மகன் உள்ளுக்குப் போகோணும். கதவத் தள்ளிட்டுப் போற ஊட்டுல மரியாத ஈக்குமா?” என்றார். வீட்டாரிடம் அனுமதி கேட்டு ஸலாம் சொல்லாமல் பிறர் வீட்டுக்குள் நுழையாதீர்கள் என்ற கட்டளையை மத்ரஸாவில் ஓதியிருந்த எனக்கு அது உடனே புரிந்தது. பின்னாளில் நான் வாசித்த ஆங்கிலக் கையேடுகள் எதுவும் அதை அவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்வார். ஏறின கியரிலேயே இறங்கவேண்டும். கணவாயின் உச்சியில், இறக்கம் தொடங்குமுன்னே லொறியை நிறுத்திச் சின்னக் கியரைப் போட்டுக்கொண்டுதான் இறங்குவார். பாரத்தை இஞ்சின் பிடிக்கும்; பிரேக்குக்கு அதிகம் வேலையிராது. இடைவிடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் பட்டை சூடேறிப் பிடிமானத்தை இழக்கும் என்பதும், பெடல் இருக்கும் ஆனால் பிரேக் இருக்காது என்பதும், மலைநாட்டு லொறிக்காரர் வீடுகளில் பிள்ளைகளுக்கும் தெரிந்த பாடம்.

1997இல் நான் மஹகஸ்தொட்டவிலிருந்து வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வாப்பா ஓய்வு பெற்றிருந்தார். இலுக்கும்புரப் பக்கம், அவரோடு ஏல வியாபாரம் செய்த சிங்கள நண்பர் ஒருவரின் வீட்டுக் கலியாணத்துக்கு என் பழைய டொயோட்டா ஸ்டார்லட்டில் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்சில்லுகளால் ஓடும் பழைய வகை ஸ்டார்லட் அது. பிட்டவல பத்தனையின் புல்வெளியைக் கடந்ததுமே மழை பிடித்தது. கணவாயைத் தாண்டி இறங்கத் தொடங்கியபோது எனக்கொரு ஆசை வந்தது. வாப்பா செய்ததை நான் பிரேக்கையும் சேர்த்து ஒரே காலால் செய்வேன் என்று அவருக்குக் காட்டவேண்டும். வேகம் ஒன்றும் பெரிதல்ல. அந்த வளைவுக்கு முன்னால் பிரேக் பிடித்தேன், கிளச்சை மிதித்தேன், பாதத்தைச் சாய்த்தேன். விளிம்பு எக்ஸிலேட்டரை எட்டவில்லை. ஈரச் சப்பாத்து வழுக்கியது. இஞ்சின் உறுமவில்லை. கை மட்டும் பழகிய வேகத்தில் இரண்டாம் கியரைப் போட்டுவிட்டது. இடது கால் கிளச்சை விட்டுவிட்டது. ஸலாம் சொல்லாமல் உள்ளே போயாயிற்று.

பின்சில்லுகள் இரண்டும் ஒரு கணம் பூட்டிக்கொண்டன. கார் தன் வாலைச் சுழற்றிப் பாதைக்குக் குறுக்கே திரும்பி, பின்பக்கத்தால் மண்மேட்டில் மோதி நின்றது. மேடு இருந்தது மலைப்பக்கம். முன் கண்ணாடிக்கு அப்பால் பள்ளத்து மூடுபனி தெரிந்தது. அல்ஹம்துலில்லாஹ், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

வாப்பா இரண்டு கைகளையும் டாஷ்போர்டில் ஊன்றியிருந்தார். இடது மணிக்கட்டு உடைந்திருந்தது. அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. இறங்கி, நல்ல கையால் கல்லொன்றைத் தூக்கிவந்து சில்லுக்கு அண்டை கொடுத்தார். வீட்டில் கேட்டவர்களிடம், “மழ, வழுக்கிட்டு” என்றார். எலும்பு பொருந்தியது, ஆனால் சற்று வளைந்தே பொருந்தியது. ஸுஜூதில் அந்தக் கையை முழுதாக ஊன்ற அவரால் முடியாமலே போயிற்று. விரல் நுனிகளை மட்டும் வைப்பார். 2011இல் அவர் வபாத்தாகும்வரை, பதினான்கு வருடம், பக்கத்தில் நின்று தொழும்போதெல்லாம் நான் அதைப் பார்த்தேன். இன்னொன்று: அதன் பிறகு அவர் என் காரில் முன் ஸீட்டில் ஏறவேயில்லை. பின்னால், இடது பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வார். ஏனென்று நான் கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவை இருப்பதாகவும் படவில்லை.

கால் ஏன் எட்டவில்லை என்பது பல மாதம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. இந்த வித்தையைப் பழகுபவர்கள் முதலில் தெரிந்துகொள்ளவேண்டியதும் அதுதான். மிதிக்காத நிலையில் பிரேக் பெடல் எக்ஸிலேட்டரைவிட உயரத்தில் நிற்கும். போட்டிப் பாதையில் முழுப்பலத்தோடு மிதிக்கும்போதுதான் அது கீழிறங்கி எக்ஸிலேட்டரின் மட்டத்துக்கு வரும். அப்போது பாதத்தைச் சாய்ப்பது சுலபம். ஈரமான மலைப்பாதையில் ஒழுங்காக ஓட்டுபவன் பிரேக்கை மெதுவாகத்தான் தொடுவான். பெடல் மேலேயே நிற்கும். கால் சாயும்போது கீழே வெற்றிடம். பெடல்களை அமைத்தவர்கள் எனக்கு ஒரு தகவல் சொல்லியிருந்தார்கள்: முழுப்பலத்தோடு பிரேக் பிடிக்கவேண்டியிராத இடத்தில் இந்த வித்தைக்கும் தேவையில்லை. அங்கே பிரேக் வேலையை முதலில் முடித்துக்கொண்டு, காலை எடுத்து எக்ஸிலேட்டரைத் தட்டி, ஆறுதலாகக் கியரை இறக்கலாம். அல்லது வாப்பாவைப் போல உச்சியிலேயே போட்டுக்கொண்டு வரலாம். நான் அன்று செய்தது காட்சிக்காக. தேவைக்காக அல்ல.

மருமகனிடம் இதை முழுதாகச் சொன்னேன். குடும்பத்தில் வேறு யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. அவன் சப்பாத்தை மெல்ல மாட்டிக்கொண்டான். “அப்பாட கை... அதாலயா?” என்று மட்டும் கேட்டான். ஓம் என்றேன். அன்று நான்தான் ஓட்டிக்கொண்டு இறங்கினேன், இரண்டாம் கியரில்.

அதோடு விட்டிருக்கலாம். தங்கை அதைத்தான் விரும்பியிருப்பாள். ஊரிலும் கார்ப் போட்டி என்றால் ‘இஸ்ராஃப்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். பெற்றோலுக்கு வரிசையில் நின்ற 2022ஐ மறக்காதவர்களின் அந்தக் கோபம் எனக்கு விளங்காமலில்லை. ஆனால் நான் சொல்லிக்கொடுக்காவிட்டால் அவன் தனியாக, ஓர் இரவில், இதே பாதைக்குப் பழக வருவான் என்பதும் தெரிந்தது. அந்த நாட்களில் என் மனதில் சுற்றிக்கொண்டிருந்தது புகாரியில் வரும் இப்னு உமர் (ரழி) அவர்களின் ஓர் அறிவிப்பு. நபியவர்கள் (ஸல்) குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். மெலியவைத்துப் பயிற்றப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து தனிய்யதுல் வதா வரை. பயிற்றப்படாத குதிரைகளுக்கு தனிய்யதுல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை மட்டும். இப்னு உமரே அதில் ஓடியவர்களில் ஒருவர். பந்தயம் கூடுமா கூடாதா என்று வாதிடுபவர்கள் இரு சாராரும் இந்த ஹதீஸைத் தொட்டுப் பேசுவார்கள். எனக்கோ அந்தத் தூர வித்தியாசம்தான் பெரிதாகத் தெரிந்தது. பயிற்றப்படாத குதிரைக்கும் ஓட இடம் கொடுக்கப்பட்டது. அதன் அளவுக்கேற்ற இடம்.

இடம் என்பதுதான் இந்த விளையாட்டின் முழு வரலாறும். நம் நாட்டில் கட்டுக்குருந்தவில் கார்கள் ஓடியது, இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படை பயன்படுத்திய விமானத்தளத்தில். சென்னைக்கு அருகே சோழவரத்திலும் போர்க்கால விமான ஓடுபாதையில்தான் பந்தயம் தொடங்கியது. இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே ஒரு பாதை 1990இல் வந்தது. வழுக்கினால் போய் மோத எதுவும் இல்லாத வெட்டவெளியைத்தான் தேடியிருக்கிறார்கள். மூடிய பாதை என்றால் எல்லாம் சரி என்றும் சொல்லமாட்டேன். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் போட்டியில் கார் ஒன்று பாதையைவிட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்ததில் 7 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த இரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

கடைசியில் மருமகனுக்கு ஒரு நிபந்தனை போட்டேன். ரிவர்ஸ்டன் பாதையில் இந்த வித்தை ஒருநாளும் இல்லை. அவன் சம்மதித்த பிறகு, மிளகு காயவைக்கும் எங்கள் சீமெந்து முற்றத்தில் காரை நிறுத்திப் பாடம் தொடங்கியது. முதல் மூன்று நாள் இஞ்சினே இல்லை; கால் மட்டும். தடித்த ஓட்டச் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, மெல்லிய அடியுள்ள ஒன்றைப் போடவைத்தேன். பிறகு இஞ்சினை விட்டு, நியூட்ரலில், பிரேக்கைப் பலமாக மிதித்தபடி தட்டுவது. தட்டும்போது கணுக்காலோடு பிரேக்கின் அழுத்தமும் கூடிக் குறையும். எல்லோருக்கும் வரும் பிழை அது. பிரேக் பாதி பாதம், எக்ஸிலேட்டர் மறு பாதி. ஒன்று செய்வது மற்றதுக்குத் தெரியக்கூடாது. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியாமல் ஸதகா கொடுப்பதுபோல என்றேன். அவன் சிரித்தான். இஞ்சின் இப்படி விட்டுவிட்டு ஊளையிடுவதைக் கேட்டு வெளியே வந்த தங்கை, “இஞ்ச காயிறது மிளகா, காரா?” என்றாள்.

மூன்றாவது கிழமை, ஒதுக்குப்புறமான சமதரைப் பாதையொன்றில், பிரேக்கே இல்லாமல் மூன்றிலிருந்து இரண்டு. மணிக்கு 40 கிலோமீற்றருக்குமேல் போகவிடவில்லை. தட்டிவிட்டுக் கிளச்சை விடத் தாமதிப்பான். அதற்குள் இஞ்சின் மறுபடி விழுந்திருக்கும். கார் முன்னால் குனியும். ஒவ்வொரு குனிவுக்கும் என் வயிற்றில் ஏதோ செய்யும். அவனுடைய சிவிக் முன்சில்லுகளால் ஓடுவது. அதில் பிழைத்தால் வால் சுழலாது. மூக்கு திரும்ப மறுத்து நேரே போகும். பள்ளத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஒருநாள் அவனே கேட்டான், இதெல்லாம் இனி எதற்கு என்று. நியாயமான கேள்வி. 1989இல் ஃபெராரி தன் ஃபோர்முலா வண் காரில் கியர்த் தடியை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கின் பின்னால் துடுப்புகளை வைத்தது. கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டன் அணிக்காக அங்கே ஓடியபோது அந்தக் கார்களில் காலுக்கு இரண்டே பெடல்கள். சாதாரண கார்களிலும், 2009இல் நிசான் 370இஸட், கியர் இறங்கும்போது எக்ஸிலேட்டரைத் தானே தட்டிக்கொள்ளும் ஏற்பாட்டோடு வந்தது. புதிய கார்கள் சிலவற்றில் பிரேக்கை மிதித்தால் எக்ஸிலேட்டர் வேலையே செய்யாது. அவற்றில் சென்னா வந்தாலும் இதைச் செய்ய முடியாது. நம் தெருக்களில் மூன்று பெடல் உள்ள கார்கள் குறைந்துகொண்டே போகின்றன. நான் அவனுக்குப் பதில் ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாமென்றால் விடு என்றேன். அவன் விடவில்லை.

பயிற்சி நாளொன்றில், சுற்றுப்பாதை ஒன்றின் ஓரத்தில், மணல் மூட்டைகளுக்குப் பின்னால் நின்றேன். கார் கண்ணுக்குத் தெரியாத திருப்பம் அது; காதுக்குத்தான் தெரியும். முதல் சுற்றுகளில் டயர் கீச்சிட்டது. பின்பு ஒரு சுற்றில் பிரேக் பிடித்த இஞ்சின் அடங்கிவரும் சத்தத்துக்கு நடுவே ஒரு சின்ன உறுமல், அடுத்த கியர். மறுபடி ஒரு உறுமல். டயரிடமிருந்து எதுவும் இல்லை. பெட்போர்ட் லொறிச் சத்தத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் எனக்கு ஏலக்காய் மணந்தது.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, உம்மாவுக்குச் சொன்ன பொய்யை உண்மையாக்கவேண்டும் என்று, தங்கையையும் என்னையும் ரிவர்ஸ்டனுக்கு அழைத்துப் போனான். தங்கை முன்னால் ஏறினாள். நான் பின்னால், இடது பக்கம். அந்த இடத்தில் நான் அதுவரை உட்கார்ந்ததில்லை. அங்கிருந்து பார்த்தால், முன் ஸீட்டுகள் இரண்டுக்கும் இடையால், ஓட்டுபவனின் இடது காலும் கியர்த் தடியில் அவன் கையும் தெளிவாகத் தெரிகின்றன. சற்றுச் சரிந்தால் வலது காலும் தெரிகிறது. முன் ஸீட்டில் இருப்பவருக்குப் பாதையைப் பார்க்கவே நேரம் சரி. பதினான்கு வருடம் வாப்பா இந்த இடத்தில் உட்கார்ந்து வந்தார். பயந்துதான் பின்னால் போனார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கணவாயில் மருமகன் நிறுத்தினான். இறக்கம் தொடங்குமுன்னே இரண்டாம் கியரைப் போட்டான். காலை முறுக்கவில்லை. அந்த வளைவு வந்தபோது கீழிருந்து பஸ் ஒன்று ஹோன் அடித்தபடி ஏறிக்கொண்டிருந்தது. இருவருக்கும் இடம் போதவில்லை. அவன் காரை நிறுத்தி, ரிவர்ஸ் போட்டு, பாதை அகலமான இடம்வரை மெல்லப் பின்னேறினான்.

“பாத்து மகன், பாத்து,” என்றாள் தங்கை, டாஷ்போர்டில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு.

“கைய அதுல வைக்காதீங்க உம்மா,” என்றான் அவன்.